சுவரேறிய பட்டு

2013 பிப்ரவரியில் மிலான் நகரில் டோல்சே அண்ட் கபானா நிறுவனம் அடுத்த குளிர்காலத்துக்கான தன் உடைகளை மேடையேற்றியது. நடந்து வந்த மாடல்களின் தலையில் பொன்முடி. உடம்பில் சிசிலித் தீவின் மொன்ரியாலே பேராலயம். அந்தக் கோயிலின் மொசைக் சுவர்களில் எண்ணூறு ஆண்டுகளாக நிற்கும் உருவங்கள் கவுனின் மார்பிலும் இடுப்பிலும் நின்றன. சில உடைகளில் அவை வெறும் அச்சு. சிலவற்றில் சமிக்கியும் கல்லும் வைத்துக் கையால் தைத்த வேலை.

மொன்ரியாலே, 12-ஆம் நூற்றாண்டில் நார்மன் அரசன் இரண்டாம் வில்லியம் கட்டியது. உள்ளே 6,000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக். அதன் பொன்னிறச் சில்லு ஒவ்வொன்றும், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தங்க ரேக்கை வைத்துச் சுட்டு உடைத்தது. சில்லுகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் லேசாகச் சாய்த்துவிடுவார்கள். அதனால்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவர் அசைவதுபோல் தோன்றும். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. சமிக்கி முழுக்கப் படிந்து கிடந்தால் தகரம் மாதிரி இருக்கும்; கொஞ்சம் தூக்கி நின்றால்தான் மின்னும். அந்த 2013 உடைகளில் அச்சடித்தவை சீக்கிரம் அலுத்துப்போக, கையால் தைத்தவை இன்றும் பார்க்க நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அச்சில் வந்தது சுவரின் போட்டோ. தையலில் வந்தது சுவரின் வித்தை.

பழைய தேவாலயங்கள் இன்றைய உடை வடிவமைப்புக்கு எப்படி ஊற்றாகின்றன என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த உதாரணத்தில்தான் தொடங்குவார்கள். கட்டடக்கலை முந்தியது, உடை அதைப் பின்பற்றியது என்பது அதில் அடங்கியிருக்கும் எண்ணம். ஆனால் அதே மொன்ரியாலே சுவரைக் கொஞ்சம் நின்று பார்த்தால் கதை திரும்பிவிடுகிறது. ஒரு மொசைக்கில் அரசன் வில்லியம் தான் கட்டிய கோயிலைச் சின்ன மாதிரியாகக் கையில் ஏந்தி மாதாவிடம் கொடுக்கிறான். அவன் மேலிருப்பது பைசாந்திய அரசவை உடை. அந்த மாதிரி உடை பலெர்மோ அரண்மனைக்குப் பழக்கமானதுதான். வில்லியமின் பாட்டன் இரண்டாம் ரோஜருக்காக 1133–34-இல் அந்த அரண்மனைத் தொழிற்கூடம் ஒரு போர்வை செய்தது. சிவப்புப் பட்டு, பொன்னிழை, முத்து. நடுவில் ஒரு பேரீச்சை, இருபுறமும் ஒட்டகத்தை அடித்து வீழ்த்தும் சிங்கம். விளிம்பைச் சுற்றி அரபு எழுத்தில் ஹிஜ்ரி ஆண்டோடு ஒரு வாசகம். கிறிஸ்தவ அரசனின் தோளுக்கு அரபு எழுத்து! அந்தப் போர்வை இன்று வியன்னாவின் அரச கருவூலத்தில் இருக்கிறது. அது தைக்கப்பட்டபோது மொன்ரியாலேக்கு அடிக்கல்கூட நாட்டப்படவில்லை. அந்த அரசவையில் பொன் முதலில் துணியில் ஏறியது, பிறகே இந்தச் சுவருக்கு வந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். ஃபேஷன் உலகம் தேவாலயத்திடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்வதில் பெரும்பகுதி, முன்னொரு காலத்தில் துணியாக இருந்து சுவருக்குப் போனது. கல்லிலிருந்து நேராகத் துணிக்கு வந்த உதாரணங்களும் உண்டு, ஆனால் குறைவு. அவற்றைத் தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி இத்தாலியின் ராவென்னாவில் இருக்கிறது. 547-இல் அர்ச்சிக்கப்பட்ட சான் வித்தாலே கோயிலின் பீடப் பகுதியில், எதிரெதிரே பேரரசன் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் தத்தம் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். தியோடோராவின் பக்கத்தைத் துணிக்கடைக்காரர் கண்ணோடு பார்க்கலாம். அரசிக்கு அடர் ஊதாப் போர்வை. அதன் கீழ்க்கரையில், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோகும் மூன்று ஞானிகள் பொன்னிழையில். தலையிலிருந்து தோள்வரை முத்துச்சரங்கள் தொங்குகின்றன. பின்னால் நிற்கும் பெண்களில் இருவருக்கு ஒரே மாதிரித் துணி இல்லை. ஒவ்வொருத்திக்கும் வேறு பூ, வேறு கட்டம், வேறு கரை. இடது ஓரத்தில் ஒருவர் வாசல் திரையை விலக்கிப் பிடித்திருக்கிறார். அந்தத் திரையிலும் பூவேலை. முகங்களைவிடத் துணிகளுக்கு அதிக நேரம் செலவாகியிருக்கும் போலத் தெரிகிறது.

2010 டிசம்பரில் கார்ல் லாகர்ஃபெல்ட் சானெல் நிறுவனத்துக்காக ‘பாரிஸ்–பைசான்ஸ்’ என்ற தொகுப்பைத் தந்தபோது மனத்தில் வைத்திருந்தது இந்தத் தியோடோராவைத்தான். பழம்பொன் நிறம், கண்ணாடிக் கற்கள் பதித்த பட்டைகள், கனமான வளையல்கள். ராவென்னா மொசைக்குகளின் தாக்கம் சானெல் வீட்டுக்குப் புதிதும் அல்ல. கோகோ சானெலுக்காக நகை செய்த வெர்துரா அந்தக் காலத்திலேயே அவற்றைப் பார்த்துத்தான் பதக்கங்கள் செய்தார். ஆக, 6-ஆம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டிநோபிள் அரசவைத் துணி, ராவென்னாவில் கண்ணாடிச் சில்லாகி, 20-ஆம் நூற்றாண்டில் நகையாகி, 21-ஆம் நூற்றாண்டில் மறுபடி துணியானது. இதைக் கட்டடத்தின் தாக்கம் என்று சொல்வதைவிட, சுவர் பத்திரமாக வைத்திருந்த அடகுப் பொருளை மீட்டது என்று சொல்லலாம். உண்மையான துணிகள் மக்கிப்போய்விட்டன. சுவர்தான் அலமாரி.

ஜியானி வெர்சாசே செய்தது இதிலிருந்து சற்றே வேறு. 1997 வசந்தத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘பைசாந்தியத்தின் மகிமை’ என்ற கண்காட்சி நடந்தது. அந்த ஜூலையில் பாரிஸில் வெர்சாசே காட்டிய உடைகளில் உலோக வலைத்துணியின் மேல் கிரேக்கச் சிலுவைகள். ‘ஓரோட்டன்’ எனப்பட்ட அந்த வலை 1980-களின் தொடக்கத்திலேயே அவர் உருவாக்கியது. சின்னச் சின்ன உலோக வில்லைகள் ஒன்றோடொன்று கோத்தது; உடம்பின் வளைவுக்கேற்ப ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் திரும்பும். மொசைக்காரன் விரலால் சாய்த்ததை இங்கே அணிகிறவளின் நடை செய்துவிடுகிறது. காட்சி முடிந்த சில நாட்களில், ஜூலை 15 அன்று, மயாமியில் தன் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சரி, மொசைக் துணியைப் படம்பிடித்தது. கல் என்ன செய்தது?

பிரான்சின் ஷார்த்ர் பேராலயம், கல் கட்டடம் என்பதற்கு முன்னால் ஒரு துணியின் வீடு. மாதா உடுத்தியது என்று நம்பப்படும் பட்டுத்துணி 9-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது. 1194-இல் கோயில் எரிந்தபோது அந்தத் துணியும் போய்விட்டது என்று ஊர் அழுதது. மூன்றாம் நாள் அது பத்திரமாக வெளியே வந்ததும், மாதா இன்னும் பெரிய கோயில் கேட்கிறாள் என்று முடிவுகட்டினார்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. இன்று நாம் வியக்கும் கோதிக் மண்டபம் அதற்குப் பின் எழுந்தது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் ஊர்த் தொழிலாளர்களின் படங்களும் உண்டு. சார்லமேன் சாளரத்தின் அடியில் விலங்கு ரோமம் விற்கும் ஒரு வியாபாரி, உள்ளே மென்ரோமம் வைத்துத் தைத்த மேலங்கியை விரித்து வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். பேரரசனின் கதைக்கு அடியில் ஒரு கடை வியாபாரம்.

அந்தக் கோயிலில் தீக்குத் தப்பிய மேற்கு வாசலின் தூண் சிலைகள் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. இவைதான் உடையும் கட்டடமும் ஒன்றாகிய இடம். அரசிகளின் உடல் இயல்பான அளவைவிட நீண்டிருக்கிறது. உடையின் நுண்கொசுவம் மேலிருந்து கீழ்வரை இணைகோடுகளாக இறங்குகிறது. உடைக் கைகளின் நுனிகள் முழங்காலைத் தாண்டித் தொங்குகின்றன. அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்கள் உண்மையிலேயே இப்படிக் கொசுவம் வைத்து உடுத்தினார்கள். சிற்பி அந்தக் கொசுவத்தைக் கொண்டு தூணைத் தூணாக்கினார். கூரையின் பாரத்தைத் துணிமடிப்பு தாங்குவதுபோல ஒரு மயக்கம். தூண் மாதிரி விழும் கவுன் என்று இன்று எழுதுகிறவர்கள், கவுன் மாதிரி விழும் தூண் அதற்கு முன்பே இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு பழைய வாதத்தையும் தீர்த்துவிடலாம். 15-ஆம் நூற்றாண்டில் பர்கண்டி, பிரான்ஸ் சீமாட்டிகள் கூம்பு வடிவில் உயரமான தலையணி வைத்தார்கள்; அது கோதிக் கோபுரத்தைப் பார்த்துச் செய்தது என்பது பாடப்புத்தகம்வரை போய்விட்ட செய்தி. ஆங்கிலேய ஆடை வரலாற்றாளர் ஜேம்ஸ் லேவர் 1949-இல் வெளியிட்ட நூலில் உடைகளையும் கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பார்த்தவுடன் நம்பத் தோன்றும். ஆனால் கோதிக் பாணி தலைகாட்டிய சான் தெனி கோயிலின் பீடப் பகுதி 1144-இல் அர்ச்சிக்கப்பட்டது. கூம்புத் தொப்பி வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்து. பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோபுரத்தைத் திடீரென்று ஒரு தலைமுறை தலையில் வைத்துக்கொண்டதற்கு இந்த ஒப்புமை பதில் சொல்வதில்லை. கூர்மூக்குச் செருப்புக்கும் இதே கதை. அதைக் கோயிலோடு இணைப்பவர்கள், கோயில்காரர்களே அதைத் திட்டினார்கள் என்பதையும், 1463-இல் இங்கிலாந்து சட்டம் போட்டுப் பிரபுக்களுக்குக் கீழ்ப்பட்டவர்களின் செருப்பு மூக்கை இரண்டு அங்குலத்துக்குள் அடக்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்கள் சாட்சியாகிவிடாது.

சாட்சியுள்ள இடம் பூசை உடுப்பு. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘பட்லர்–பௌடன்’ போர்வை என்று ஒன்று இருக்கிறது. 1330-க்கும் 1350-க்கும் இடையில் இங்கிலாந்தில் தைத்தது. சிவப்பு வெல்வெட்டில் வெள்ளி, பொன்னிழை, பட்டு. அரைவட்டத் துணி முழுவதும் வரிசை வரிசையாக வளைவு மாடங்கள், ஒவ்வொரு மாடத்துக்குள்ளும் மாதாவின் வாழ்க்கைக் காட்சி அல்லது ஒரு புனிதர். மாடங்களின் தூண்களைப் பார்த்தால் முறுக்கிய மரக்கிளைகள், அவற்றில் ஓக் இலைகள். தரையில் விரித்தால் வளைவுகள் விசிறிபோலப் பரவும். குருவின் தோளில் ஏறியதும் எல்லாம் கழுத்தை நோக்கி எழும். அவர் நடந்தால் ஒரு கோயில் நடக்கும். பிற்காலத்தில் இதை வெட்டி வேறு உருப்படிகளாகத் தைத்துவிட்டார்கள். பிறகு துண்டுகளைத் திரட்டி மீண்டும் இணைத்தார்கள். வெட்டுத் தடங்கள் இன்றும் தெரியும்.

இந்த உறவைக் கொள்கையாகவே பேசியவர் அகஸ்டஸ் பியூஜின். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோதிக் பாணியை மீட்க நின்ற கட்டடக் கலைஞர். அவர் காலத்துத் திருப்பலி மேலாடை, கைக்குத் தடையில்லாமல் இருபுறமும் குடைந்து, அட்டைபோல விறைத்து, பிடில் வாத்திய வடிவில் இருந்தது. தான் கட்டும் கூர்வளைவுக் கோயிலுக்குள் இந்த அட்டை நுழைவதை அவரால் சகிக்க முடியவில்லை. பழைய மாதிரி அகலமாக, மடிப்பு விழும்படி வெட்டச் சொன்னார். 1844-இல் திருச்சபை அலங்காரத்துக்கும் உடைக்கும் ஒரு சொல்விளக்க நூலே வெளியிட்டார். கொத்தனார் தையல்காரருக்குக் கட்டளையிடுகிறார் என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். ரோமாபுரிக்கும் இந்தப் புது வெட்டு பிடிக்கவில்லை. ஆனால் கட்டடத்தின் விதி உடைக்கும் பொருந்த வேண்டும் என்று இத்தனை பிடிவாதமாகச் சொன்னவர் இவருக்கு முன் யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபேஷன் உலகத்தில் அதிகம் சொல்லப்படும் கட்டடக் கதை கோகோ சானெலுடையது. 1895-இல் தாய் இறந்தபின், தகப்பன் அவரையும் சகோதரிகளையும் பிரான்சின் ஒபாசீன் மடத்து அநாதை இல்லத்தில் விட்டுப்போனதாக வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். சானெல் அதைக் கடைசிவரை வெளியே சொல்லாமல் அத்தைகள் வளர்த்ததாகச் சமாளித்தார். அந்த மடம் 12-ஆம் நூற்றாண்டுச் சிஸ்டெர்சியத் துறவிகள் கட்டியது. அவர்களுக்கு வண்ணக் கண்ணாடி விலக்கு. ஆகவே நிறமற்ற கண்ணாடியை ஈயப் பட்டையால் பின்னல் பின்னலாக இணைத்துச் சாளரம் செய்தார்கள். அந்தப் பின்னலிலிருந்துதான் ஒன்றுக்கொன்று முதுகு காட்டும் இரட்டை ‘சி’ சின்னம் பிறந்தது என்பார்கள். நீஸ் நகரத்துக் கிரெமா மாளிகையின் வளைவுதான் மூலம் என்று வேறொரு கட்சி. கோகோ சானெல் என்ற பெயரிலேயே இரண்டு ‘சி’ இருப்பதை இரண்டு கட்சியும் ஏனோ போதாதென்று நினைக்கின்றன.

சின்னத்தை விட்டுவிட்டால் உறுதியான ஒன்று மிஞ்சும். 1920-களின் இறுதியில் தென் பிரான்சில் தன் ‘லா பௌசா’ மாளிகையைக் கட்டியபோது, ஒபாசீன் மடத்துக் கல் படிக்கட்டைப் பார்த்துவர இளம் கட்டடக் கலைஞரை அவர் அனுப்பினார். அதே மாதிரிப் படிக்கட்டு மாளிகையில் எழுந்தது. தான் வளர்ந்ததாக ஒப்புக்கொள்ளாத இடத்தின் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கியிருக்கிறார். அந்தப் படிக்கட்டைப் பார்த்தபின், அவருடைய கறுப்பு–வெள்ளையையும் தேவையில்லாத எதையும் வைக்காத தையலையும் அந்த மடத்தோடு இணைப்பது அதிகப்படியாகத் தெரியவில்லை. 2020 ஜனவரியில் விர்ஜினி வியார் பாரிஸின் கிரான் பாலேக்குள் அந்த மடத்துத் தோட்டத்தையே அமைத்து சானெல் உடைகளை நடத்தினார். கொடிகளில் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

இடத்தை இப்படி அப்படியே எடுத்துவைப்பதற்கு மாறாக, காஞ்சிப் பட்டின் கோபுரக் கரையை நினைத்துக்கொள்கிறேன். வரிசையாக முக்கோணங்கள், அவ்வளவுதான். யாரும் அதைக் கோபுரத்தின் படம் என்று சொல்லமாட்டார்கள். கோபுரம் என்றுதான் சொல்வார்கள். தறி ஏற்கக்கூடிய அளவுக்குக் கோபுரம் தன்னைச் சுருக்கிக்கொண்டது. ஜான் பால் கோல்தியே 2007-இல் மாதா உருவங்களை வைத்துச் செய்த தொகுப்பில் சாளர ஓவியங்களைக் கவுனில் ஏற்றியபோது, தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வைத்தபோது, எதையும் சுருக்கவில்லை. அது வேறு வகைச் சந்தோஷம், நாடகச் சந்தோஷம். நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் அடுத்துச் சொல்லப்போகும் உடையின் பக்கத்தில் அது நிற்காது.

1967-இல் கிறிஸ்டோபல் பலென்சியாகா ஒரு கல்யாண உடை செய்தார். ஸ்பெயினின் பாஸ்க் கரையோர மீன்பிடி ஊரான கெத்தாரியாவில் தையல்காரியின் மகனாகப் பிறந்தவர். அவருக்காக அப்ராகாம் நிறுவனம் 1958-இல் ‘கஸார்’ என்ற பட்டை நெய்தது. முறுக்கேறிய நூலில் நெய்ததால் கனமில்லை, ஆனால் மடித்த இடத்தில் நிற்கும். அந்தப் பட்டில், தையல்களை இயன்றவரை குறைத்து, முன்பக்கத்திலிருந்து பின்னால் இழுபடும் நீளம்வரை ஒரே வீச்சாக வெட்டினார். முகத்திரைக்குப் பதிலாகத் தலையைச் சுற்றி ஒரு பட்டு வளைவு. பூ இல்லை, முத்து இல்லை, சிலுவை இல்லை. துணிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் காற்றுதான் வடிவம். சுவரும் கூரையும் ஒரே வளைவாகித் தன்னைத் தானே தாங்கும் பழைய ரோமனெஸ்க் கோயில்களின் உட்புறம் எப்படி இருக்குமோ அப்படி.

2018-இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘ஹெவன்லி பாடீஸ்’ கண்காட்சியில் இந்த உடையை நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் கிளையில், ஃபுவென்திதுவேனியா பீடத்தின் முன் தனியாக நிறுத்தியது. அந்தப் பீடத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினின் செகோவியா மாகாணத்தில் பாழடைந்து கிடந்த 12-ஆம் நூற்றாண்டுக் கோயிலின் அரைவட்டப் பீடப்பகுதி அது. 1950-களின் இறுதியில் சுமார் 3,300 கற்களாகப் பிரித்து, எண் போட்டு, கப்பலேற்றி, நியூயார்க்கில் மறுபடி அடுக்கினார்கள். பழைய உடையைத் தையல் பிரித்து வேறொருவர் அளவுக்கு இணைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதன் முன் நின்றது தையலையே தவிர்க்கப் பார்த்த உடை.

அலெக்சாண்டர் மெக்வீனுக்குக் கோயில் என்றால் இருட்டு. 1996 மார்ச்சில் ‘டான்டே’ தொகுப்பை லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் நிக்கோலஸ் ஹாக்ஸ்மோர் 1714–29-இல் கட்டிய கிறைஸ்ட் சர்ச்சுக்குள்ளேயே நடத்தினார். முன்வரிசைப் பார்வையாளர்களோடு ஒரு எலும்புக்கூடும் உட்கார்ந்திருந்தது. ஆனால் அவர் கட்டடத்தை உண்மையிலேயே உடலுக்குக் கொண்டுவந்தது இரண்டரை ஆண்டுக்குப் பிறகு. முழங்காலுக்குக் கீழ் கால்களில்லாத ஓட்டப்பந்தய வீராங்கனை எய்மி மல்லின்ஸுக்காக மரத்தில் ஒரு ஜோடிக் கால்கள் செதுக்கச் சொன்னார்; பூங்கொடி வேலைப்பாடுள்ள பூட்ஸ் என்றே பலரும் நினைத்தார்கள். மாதிரி, லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் பாடகர் இருக்கைகளைச் செதுக்கிய கிரின்லிங் கிப்பன்ஸின் கைவேலை. கோயில் மரவேலை ஒருவருக்குக் காலானது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா உதாரணங்களிலும் எனக்குப் பிடித்தது இதுதான். 2010 பிப்ரவரியில் அவர் இறந்தபோது முடிவுறாமல் கிடந்த 16 உடைகளிலும் தேவாலயக் கலைதான் நிறைந்திருந்தது. சாம்பல் நிறக் கல் தேவதைகள் மெல்லிய பட்டில். ஐரிஸ் வான் ஹெர்பன் 2012-இல் முப்பரிமாண அச்சில் எடுத்துச் செம்பு பூசிய ‘கதீட்ரல்’ உடையும் இந்த வழியில் வருவது. அதில் ஊசிக்கு வேலையே இல்லை.

இதையெல்லாம் திருச்சபை எப்படிப் பார்க்கிறது? ‘ஹெவன்லி பாடீஸ்’ கண்காட்சிக்கு வாடிகன் 40-க்கு மேற்பட்ட உருப்படிகளை அனுப்பியது. ஆனால் அவை ஃபேஷன் உடைகளோடு கலக்காமல் தனி அறைகளில் வைக்கப்பட்டன. அந்தக் கோட்டைக் கிழித்தது நியாயமே. பூசை உடுப்பு ஒருவரை அழகாகக் காட்டத் தைப்பதல்ல, அவரை மறைக்கத் தைப்பது. கண்காட்சியை 16.5 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே அதிகம். பக்திக்கு வந்தவர் எத்தனை பேர், பகட்டுக்கு வந்தவர் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. கோயிலிலும் எண்ண முடியாது.

ஒரே கை கட்டடத்தையும் உடையையும் செய்த அபூர்வ இடம் தென் பிரான்சின் வான்ஸ். நோயில் கிடந்த தன்னைக் கவனித்துக்கொண்ட பெண் பிற்பாடு கன்னியர் மடத்தில் சேர, அந்த மடத்துக்காக ஆன்றி மத்தீஸ் ஒரு சிற்றாலயம் அமைத்தார், 1951-இல் அர்ச்சிக்கப்பட்டது. வெள்ளை ஓடு பதித்த சுவர், அதில் கறுப்புக் கோடு. சாளரங்களில் மஞ்சள், பச்சை, நீலம் மட்டும். பிறகு வண்ணத் தாளைக் கத்தரித்துத் திருப்பலி மேலாடைகளுக்கும் மாதிரி செய்தார். சுவரில் வைக்காத சிவப்பும் ஊதாவும் அங்கே வந்தன. திருவழிபாட்டுக் காலம் மாறினால் குருவின் உடை மாறும், உடை மாறினால் ஆலயத்தின் நிறமே மாறும். கட்டடம் முடிக்காமல் விட்டதை உடை வந்து முடிக்கிறது.

மத்தீஸின் வழியை இன்று தொடர்பவர் ஜான் ஷார்ல் தெ காஸ்டெல்பஜாக். 1997-இல் பாரிஸில் நடந்த உலக இளைஞர் நாளுக்கு இரண்டாம் ஜான் பால் திருத்தந்தைக்கும் 500 ஆயர்களுக்கும் 5,000 குருக்களுக்கும் வானவில் நிறத்தில் உடை செய்தவர். 2019 ஏப்ரல் 15-இல் எரிந்த நோத்ருதாம் பேராலயம் மீண்டும் திறந்தபோதும் உடுப்பு அவருடையது: வெண்ணிறக் கம்பளித் துணியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சைத் துண்டுகள், நடுவே பொன் சிலுவை. சாளரம் உடைந்து தோளில் விழுந்ததுபோல. குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்று சமூக வலைதளங்களில் கேலியும் நடந்தது.

2024 டிசம்பர் 7 மாலை பாரிஸில் பலத்த காற்று, மழை. பேராயர் லோரான் உல்ரிச் அந்த வண்ண உடுப்போடு மூடிய வாசல் முன் நின்று கையிலிருந்த கோலால் கதவைத் தட்டினார். அந்தக் கோல், தீயில் விழுந்த பழைய கூரையில் எரியாமல் மிஞ்சிய ஓர் உத்தரத்திலிருந்து செதுக்கியது.